சுவரில் சாயாமல் எடுத்த படம்

அன்புள்ள யசோ,

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தால் நீ பெட்டியின் அடியில் வைப்பாய், அதன்மேல் துணிகளை அடுக்குவாய், பொங்கலுக்கு வீடு திரும்பும்போது அது பிரிக்காமலே திரும்பி வரும். அதனால் ஊரறிய எழுதுகிறேன். யாராவது உன்னிடம் வந்து, "இன்னாமே, உங்க நைனா உன்னப் பத்தி பத்திரிகைல எழுதிக்கிறாரு" என்று சொன்னால், மானம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பதற்காகவாவது படித்துவிடுவாய். பயப்படாதே. உன்னைப் பாராட்டத்தான் எழுதுகிறேன். நேரில் பாராட்டுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. நீ பள்ளியில் முதலாவதாக வந்த அன்றுகூட உங்கம்மா, "சரி, போய் மூஞ்சி கழுவு" என்றுதான் சொன்னாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன் என்று இப்போது சொல்லி வைக்கிறேன். அவள் மறுப்பாள்.

கையால் எழுதாமல் கணினியில் ஒற்றை விரலால் தட்டுவதன் காரணம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் கை நடுங்கும். வயதானதால் வந்ததல்ல, கல்லூரி நாளிலிருந்தே உண்டு. கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்த காலம் முழுக்க, புத்தகங்களில் நான் வைத்த முத்திரை எல்லாம் இரண்டு தடவை விழுந்த மாதிரி இருக்கும். வங்கியில் என் கையெழுத்து என் கையெழுத்தோடு பொருந்துவதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், நான் நானாக நடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டாள். கல்யாண வீடுகளில் எனக்கு மட்டும் பாயசம் பாதி டம்ளர்தான். இதெல்லாம் என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. அவர் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் கை ஆடியதால், குடிகாரர் என்ற பெயரைக் குடிக்கிற சுகம் எதுவும் இல்லாமலே கடைசிவரை சுமந்தார். மூலக்கொத்தளத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்ல மனுசன்பா. அந்த ஒரு பயக்கத்த மட்டும் உட்டிருந்தார்னா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரு" என்றார். சாவு வீட்டில் விவாதம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்கம்மாவைப் பெண் பார்க்கக் காசிமேட்டுக்குப் போன அன்றும் இதே கதைதான். கொடுத்த காபியில் பாதி என் சட்டையில் இருந்தது. அவள் அண்ணன், அதாவது உன் மாமா, கட்டிப் பிடித்து வரவேற்கிற சாக்கில் என் வாயை மோந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். உங்கம்மாதான் உள்ளேயிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "கைதானே ஆடுது, காலு நிக்கிதில்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் எங்கள் கல்யாணம் நடந்தது. அதன் பேரில்தான் நீயும் பிறந்தாய்.

அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்துவிட்டு, நீ கேமராவைக் கையில் எடுத்தாய். அசையாமல் இருப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்ட உன் துணிச்சலை நான் அப்போதே வியந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ராயபுரத்தில் நீ வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளி, தனக்குப் புது லென்ஸ் வந்ததும் பழைய எண்பத்தைந்து எம்எம் லென்ஸை உன்னிடம் தள்ளிவிட்டார். நல்ல லென்ஸ்தான். நிறைய வெளிச்சம் உள்ளே விடும், முகங்களை அழகாகக் காட்டும். ஒன்றே ஒன்றுதான் அதில் இல்லை. இப்போது வருகிற பல லென்ஸ்களில், பிடித்திருக்கும் கை அசைந்தால் உள்ளேயிருக்கும் ஒரு கண்ணாடி எதிர்ப்பக்கம் அசைந்து சரிக்கட்டிவிடுமாம். ஆட்டம் படத்தில் தெரியாதாம். இதை நீ விளக்கியபோது, அப்படி ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று கேட்டேன். உன் லென்ஸிலும் அந்த வசதி இல்லை, உன் கேமராவிலும் இல்லை. வசதி உள்ளதன் விலையை ஒருமுறை விசாரித்தோம். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

வெளிச்சம் குறைந்த நேரத்தில் எடுத்துப் பழகவேண்டும் என்று தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனாய். படம் கலங்கி வந்தது. எதற்கும் ஒரு புத்தகம் எடுத்து வருகிற என் வழக்கப்படி, நானும் ஒரு புகைப்படப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து உனக்குப் படித்துக் காட்டினேன். அசையாத ஏதாவது ஒன்றின்மேல் சாய்ந்துகொள், மரமோ கம்பமோ சுவரோ எதுவானாலும் சரி என்று போட்டிருந்தது. நம் தெருவில் மரம் இல்லை. கம்பத்தில் மின்சாரம் இருக்கிறது. ஆகவே மாடியின் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி நீ எடுத்தாய். முன்னைவிட மோசமாக வந்தது. கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. துறைமுகத்தின் வருமானத்துக்கு அது நல்லது, உனக்கு இல்லை. "இன்னும் நல்லா அழுத்தி சாஞ்சுக்கோமே" என்று நான் அறிவுரை சொன்னேன். அழுத்திச் சாய்ந்தாய். கப்பல் மூன்றானது.

கல்யாணங்களில் பெரிய விளக்குகளைப் போட்டு எடுப்பதால் இந்தக் குறை அங்கே தெரியவில்லை. வீட்டில்தான், இருட்டத் தொடங்கும்போதுதான் தெரிந்தது. இந்தச் சமயம் பார்த்துத் தஞ்சாவூர் வேலை வந்தது. பழைய கோயில்களின் உள்சுற்றில் இருக்கும் சுவரோவியங்களை ஒவ்வொரு துண்டாகப் படமெடுத்துப் பதிவு செய்கிற ஒரு குழு. ஓவியத்துக்கு ஆகாது என்பதால் ஃபிளாஷ் கிடையாது. கேமராவை நிறுத்துகிற முக்காலி, ட்ரைபாடு, அதை விரிக்க இடமும் கிடையாது. மங்கின வெளிச்சத்தில் கையில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். நீ எடுத்த முகங்களைப் பார்த்துவிட்டு அவர்களே உன்னைக் கூப்பிட்டார்கள். நீ சாப்பிட உட்கார்ந்ததும், "நா அந்த வேலைக்குப் போவல நைனா" என்றாய்.

"ஏன்?"

"தூரமா கீது."

உங்கம்மா சோறு போட்ட கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "எர்ணாவூர்ல கல்யாணம்னா பைய மாட்டிகினு விடிகாலம் போற. கும்மிடிப்பூண்டிக்குப் போற. தஞ்சாவூரு உனக்குத் தூரமா? இன்னாமே பேஜாரு பண்ற?"

"வேணாம்னா உடும்மா."

நீ தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பிடி எனக்குத் தெரியும். அது என்னுடைய பிடி. அடுத்த நாள் நான் உன் அறை வாசலைக் கடந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. நீ கையை நீட்டி, விரல்களை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். டாக்டர் எனக்குச் செய்த சோதனை அது. கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைத் தாளின் விளிம்பு பெரிதாக்கிக் காட்டும். உன் தாள் நடுங்கியதா என்று நான் நின்று பார்க்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் நடுங்கியிருக்கத்தான் வேண்டும். அதை நிறுத்திவிட்டுப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீ என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிடும். இந்த வியாதி பிள்ளைகளுக்கு வருமா என்று அந்த டாக்டரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்வதற்காக அவ்வளவு வருடம் படித்திருக்கிறார். அன்று முதல் நீ கேமராவைத் தொடவில்லை. நானும் உன் எதிரில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், கிடைத்ததா என்பதெல்லாம் செய்தித்தாளில் வந்திருக்கும். அவர்கள் உனக்குச் செய்தது எதிலும் வரவில்லை. நம் வீடு இருப்பது துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சாலையோரம். வருடக்கணக்காக ஓயாத சத்தம் நின்றதும் உங்கம்மா மூன்று தடவை வெளியே போய்ப் பார்த்தாள். "இன்னாமோ ஊரே செத்த மாறி கீது" என்றாள். நீயும் பொழுது போகாமல், பையில் கிடந்த கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் படியில் நின்று கூப்பிட்டாய்.

"நைனா, இங்க வாயேன்."

அதே கைப்பிடிச் சுவர், அதே முழங்கை, அதே லென்ஸ். திரையில் ஒரு கப்பலை நீ பெரிதாக்கிக் காட்டினாய். அதன் பக்கவாட்டில் துரு ஒழுகியிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. நான், "இன்னிக்கு நல்லா வந்துகீதே" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாராட்டோடு கீழே இறங்கியிருப்பார்கள். நீ இறங்கவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் எது மாறியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றாய். கை மாறவில்லை. லென்ஸ் மாறவில்லை. சாலைதான் மாறியிருந்தது. ஆனாலும் உடனே நம்பிவிடாமல் வேலைநிறுத்தம் முடியும்வரை காத்திருந்தாய். லாரிகள் திரும்பி வந்த அன்று ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மாடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாய். ஒரு கன்டெய்னர் லாரி கடந்தது. யாரும் தொடாத டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் அசரவில்லை. "வூடு கட்ன நாள்லேருந்து ஆடிகினுதான் கீது. ஊசில நூல் கோக்கணும்னா நா ஒரு லாரி போற வரிக்கும் நிப்பேன், அடுத்தது வர்றதுக்குள்ள கோத்துடுவேன். என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றாள். நாங்கள் கேட்கவில்லை. இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். லாரிக்கும் லாரிக்கும் நடுவில்தான் எண்ணெய் ஊற்றுவோம், முகம் மழிப்போம். பழகிப்போனதால் ஆட்டம் நமக்குத் தெரிவதில்லை, வருகிற விருந்தாளிதான் பூகம்பமா என்று கேட்பார். படம் கலங்கியபோது நாம் சுவரைச் சந்தேகப்படவே இல்லை. குடும்பத்தில் ஏற்கெனவே குற்றப் பின்னணி உள்ள ஒரு கை இருந்தது, அதனால் வழக்கு நேராகக் கையின் பேரில் பதிவானது. சுவரில் சாயச் சொன்ன அந்த நல்ல மனிதரின் புத்தகத்தில் தவறு எதுவும் இல்லை. சுவர் என்பது அசையாத பொருளாக இருக்கிற ஊரில் அவர் வாழ்ந்திருக்கிறார்.

இதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எடுக்கப் போவதில்லை. படத்துக்கு நீ கற்றுக்கொண்ட பாடமே போதுமான அளவு பெரியது. சுவரைவிட்டு விலகி, மாடியின் நடுவில் நின்றாய். ஒரு காலை முன்வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, கேமராவை முகத்தோடு அணைத்துக்கொண்டாய். மூச்சை இழுத்துப் பாதி விட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்தினாய். ஒன்றுக்கு நாலாக விடாமல் எடுத்தாய். அழுத்தும் விரலின் அசைவு முதல் படத்தில் போய்விடும், நடுவில் வருவது தெளிவாக இருக்கும் என்று எனக்கு விளக்கினாய். லென்ஸின் எண் எண்பத்தைந்து என்றால் ஷட்டர் ஒரு நொடியில் எண்பத்தைந்தில் ஒரு பங்கைவிட மெதுவாகத் திறந்து மூடக்கூடாது, உன் கேமராவுக்குள் இருக்கும் சென்ஸார் சிறியது என்பதால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்றாய். அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவை, ஏற்றிக்கொள்ளலாம், படத்தில் கொஞ்சம் மணல் தூவின மாதிரி புள்ளி விழும், விழட்டும் என்றாய். "புள்ளி விழுந்தா கூட இன்னான்னு தெரியும் நைனா. ஆடிப் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது." நான் வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவன். இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு சரியாகப் பேசியவர்கள் அங்கே அதிகம் இல்லை.

பிறகு அந்தக் கயிறு. காசிமேட்டில் மாமாவிடம் போய் வலை பின்னுகிற நைலான் கயிற்றில் உன் உயரத்துக்கு ஒரு துண்டு கேட்டாய். மாமா வெட்டிக் கொடுத்துக்கொண்டே, "இன்னாமே யசோ, போட்டோ புடிக்கப் போறியா, வஞ்சிரம் புடிக்கப் போறியா?" என்றார்.

"எது மாட்டுதோ அது மாமா."

"வஞ்சிரம் மாட்டுச்சின்னா எனக்கு ஒரு துண்டு. போட்டோ மாட்டுச்சின்னா நீயே வச்சிக்கோ."

கேமராவின் அடியில் இருக்கும் திருகு ஓட்டைக்குப் பொருந்துகிற போல்ட் ஒன்றை இரும்புக் கடையில் வாங்கி, அதில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினாய். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால், கயிறு விறைத்து, மேலும் கீழும் ஆடாமல் நிற்கிறது. சட்டைப் பையில் அடங்குகிற ட்ரைபாடு. கோயில் வாசலில் இதைப் பார்த்து யாரும் தடுக்க மாட்டார்கள், துணி காயப்போட வந்திருக்கிறாய் என்று நினைப்பார்கள். அங்கே சுவர்கள் கருங்கல், லாரி போனாலும் அசையாது. ஆனால் ஓவியம் இருக்கிற சுவரில் சாயக்கூடாது என்பதால் அதுவும் உனக்கு உதவாது. நீ சரியான வீட்டில்தான் பயிற்சி எடுத்திருக்கிறாய்.

தஞ்சாவூருக்கு வருகிறேன் என்று அந்தக் குழுவுக்குப் போன் செய்து சொன்னாய். உங்கம்மா பெட்டியில் ஊறுகாய் வைக்கத் தொடங்கினாள். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரித்தான் இருந்தது. ஆனால் உனக்கும் எனக்கும் ஒன்று பாக்கி இருந்தது. சுவர் ஆடுகிறது என்று டம்ளர் நிரூபித்ததே தவிர, உன் கை ஆடவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. வேகமான ஷட்டரில் எடுத்தால் நடுங்கும் கைகூடத் தெளிவான படம் எடுத்துவிடும். இது எனக்கே புரிந்தது என்றால் உனக்குப் புரியாமல் இருக்காது. இன்னும் நீ டம்ளரை இரண்டு கையால்தான் பிடித்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் விளக்கைப் போட வேண்டாம் என்று சொன்னாய். என்னை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தாய். உங்கம்மாவிடம் டீ கேட்டு, பாதி டம்ளர் இல்லை, முழு டம்ளர் வாங்கி என் கையில் கொடுத்தாய். "குடி நைனா. என்னப் பாக்காத." நீ கூடத்தின் நடுவில், எதிலும் சாயாமல், அந்தக் கயிறுகூட இல்லாமல் நின்றாய். ஒரு லாரி போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"ஆறிப் போவுது, எடுத்துத் தொலையேன்மே" என்றாள் உங்கம்மா.

"இரும்மா. லாரி போவட்டும்."

சாலை கொஞ்சம் ஓய்ந்தது. உன் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. ஷட்டர் வழக்கம்போல் 'டிக்' என்று அடிக்கவில்லை. திறந்து, ஒரு கணம் காத்து, மூடியது. மறுபடி, மறுபடி. பதினைந்தில் ஒரு பங்கு நொடி வைத்தாய் என்று பிறகு சொன்னாய். இந்த லென்ஸைக் கையில் பிடித்து யாரும் வைக்கக்கூடாத வேகம் அது. அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் எடுப்பவர் கையின் சின்ன ஆட்டம்கூட முழுப் படத்தையும் கலக்கிவிடும். அதற்காகத்தான் அதை வைத்தாய்.

எடுத்ததில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி எங்கள் முன் நீட்டினாய். என் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் கீறல் தெரிந்தது. மழிக்காத தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. சட்டைப் பொத்தானின் நாலு ஓட்டையும் அதில் போன நூலும் தெரிந்தன. நீ அசைந்திருந்தால் அந்தப் பொத்தானும் கலங்கியிருக்கும். நெஞ்சுக்கு முன்னால், என் வலது கையும் டீ டம்ளரும் இருக்கவேண்டிய இடத்தில், விடிகாலைக் கடல்மேல் நிற்குமே, அந்த மாதிரி ஒரு மூட்டம்.

உங்கம்மா எட்டிப் பார்த்தாள். "மூஞ்சி நல்லா வந்துகீது. கைதான் கலங்கிப் போச்சு. இன்னொண்ணு எடு."

"வேணாம்மா. இதுதான் சரியான படம்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். எனக்கு அது வருத்தமாக இருக்குமோ என்று பயந்தாய் போல. இல்லை, யசோ. நடுக்கம் நாளைக்கு உனக்கும் வரலாம் என்று அந்த டாக்டர் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. வந்தால் ஷட்டரை வேகமாக வைத்துக்கொள், மற்றதை நீயே கண்டுபிடிப்பாய். ஆனால் அந்தக் கூடத்தில், அந்த வெளிச்சத்தில், ஒரே ஒரு பொருள்தான் அசைந்திருந்தது. அது என் கை. அதை இவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

உன்
நைனா